'மோர் பெட்டர்' ஏன் தப்பு... 'ஏர்லியர்' ஏன் முக்கியம்? - ஆங்கிலத்தில் ஒப்பிடக் கற்றுக்கொள்வோம்!

புது பைக் வாங்கும்போது சாவியோடு சேர்த்து ஒரு வாரன்டி அட்டையும் தருவார்கள். அதில் சின்ன எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: '3 ஆண்டுகள் அல்லது 30,000 கிலோமீட்டர், விச்செவர் இஸ் ஏர்லியர்.' பலருடைய கண்ணில் '3 ஆண்டுகள்' மட்டும்தான் பதியும். கடைசி மூன்று சொற்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போய்வர தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவர், 600 நாள்களில் 30,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடுவார். அதாவது, ஏறக்குறைய 20 மாதங்கள். 'எது முந்தி வருகிறதோ, அதுவரை' என்பதுதான் 'ஏர்லியர்' என்ற சொல்லின் அர்த்தம். அதனால் அவருக்கு வாரன்டி அன்றைக்கே முடிந்துவிடும். மிச்சமிருக்கும் 16 மாதங்களை நம்பி மெக்கானிக்கிடம் சண்டை போட முடியாது. அதே இடத்தில் 'லேட்டர்' என்று இருந்தால், எது பிந்தி வருகிறதோ அதுவரை வாரன்டி உண்டு. ஒரே ஒரு சொல்லில் எவ்வளவு பணம்!

'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட அதே பாடம்தான் இது. மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்த ஒப்பீட்டு இலக்கணம், பெரியவர்களான பிறகு இன்டர்வியூவிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் மருந்து அட்டையிலும் வந்து நிற்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரும் ஒருமுறை அதைத் தூசி தட்டிப் பார்க்கலாம்.

மூன்று படிகள்

ஒரு பொருளின் தன்மையைச் சொல்வது பெயரடை. ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்வது வினையடை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் மூன்று படிகள் உண்டு. வெறுமனே சொல்வது பாசிட்டிவ். இரண்டை ஒப்பிடுவது கம்பாரட்டிவ். எல்லாவற்றிலும் உச்சம் எது என்று சொல்வது சூப்பர்லேட்டிவ். 'ஹை, ஹையர், ஹையஸ்ட்' என்பது போல.

கேரளாவில் இருக்கும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். 58 மீட்டர்தான் வித்தியாசம் என்றாலும், தென்னிந்தியாவின் உயரமான சிகரம் என்ற பெயர் ஆனைமுடிக்குத்தான். இந்த ஒரே உண்மையை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம்.

'ஆனைமுடி இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.'

'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா.'

'நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி.'

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆனால், இரண்டாவது வாக்கியத்தில் 'அதர்' என்ற சொல்லை விட்டுவிட்டால் கதையே மாறிவிடும். ஆனைமுடியும் தென்னிந்தியச் சிகரம்தானே? 'எந்தச் சிகரத்தையும்விட' என்று சொன்னால், அது தன்னையும்விட உயரம் என்றாகிவிடும். 'வேறு எந்தச் சிகரத்தையும்விட' என்பதுதான் சரி. பிள்ளைகள் அடிக்கடி மதிப்பெண் இழக்கும் இடம் இது.

மோரும் உண்டு, தேனும் உண்டு!

ஆங்கில ஒப்பீட்டில் மோரும் வரும், தேனும் வரும். இந்த 'மோர்' எப்போது வரும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சொல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

ஒரே அசையில் முடிகிற சின்னச் சொல் என்றால், வாலில் 'இ-ஆர்', 'இ-எஸ்-டி' சேர்த்தால் போதும். 'ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்' என்பது போல. 'பிக்', 'ஹாட்', 'தின்' போன்ற சொற்களில் நடுவில் ஒற்றை உயிரெழுத்தும் கடைசியில் ஒற்றை மெய்யெழுத்தும் இருப்பதால், அந்தக் கடைசி எழுத்து இரட்டிக்கும். அதனால்தான் 'பிக்கர்' என்று எழுதும்போது இரண்டு 'ஜி' வருகிறது.

'ஹாப்பி', 'ஈஸி' போல 'ஒய்' எழுத்தில் முடியும் இரண்டு அசைச் சொற்களில், அந்த 'ஒய்' எழுத்து 'ஐ' ஆக மாறி, பிறகு வால் சேரும். 'ஹாப்பியர்', 'ஈஸியர்'. 'க்ளெவர்', 'சிம்பிள்', 'நேரோ' போன்ற சொற்களும் வால் சேர்த்துக்கொள்ளும்.

'மாடர்ன்', 'யூஸ்ஃபுல்', 'ஃபேமஸ்' போன்ற மற்ற இரண்டு அசைச் சொற்களுக்கும், 'பியூட்டிஃபுல்', 'எக்ஸ்பென்சிவ்' போன்ற நீளமான சொற்களுக்கும் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' போட வேண்டும். 'போரிங்', 'டயர்ட்' போன்றவையும் இந்தக் கட்சிதான். 'டயர்ட்' சின்னச் சொல்லாகத் தெரிந்தாலும், 'மோர் டயர்ட்' என்றே சொல்ல வேண்டும்.

வால் அல்லது 'மோர்', இரண்டில் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. 'மோர் ஸ்வீட்டர்', 'மோஸ்ட் ஈஸியஸ்ட்' எல்லாம் இதனால்தான் தப்பு.

நமக்கு மட்டும் ஏன் தடுக்கிறது?

'மோர் பெட்டர்' என்று சொல்வது ஆங்கிலம் வராததால் அல்ல. தமிழ் நன்றாக வருவதால்தான்! கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

'கமலாவைவிட விமலா உயரம்' என்கிறோம். 'விமலா உயரம்' என்றாலும் அதே 'உயரம்'தான். தமிழில் ஒப்பிடும்போது தன்மையைச் சொல்லும் சொல் அசைந்துகொடுப்பதில்லை. யாரோடு ஒப்பிடுகிறோமோ அவருடைய பெயர்தான் 'கமலாவைவிட' என்று மாறுகிறது. உச்சத்தைச் சொல்லவும் 'வகுப்பிலேயே உயரம்' என்று பக்கத்துச் சொல்லைத்தான் மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் இது தலைகீழ். ஆளின் பெயர் அப்படியே இருக்கும், தன்மைச் சொல் உருமாறும்.

அதனால்தான் 'இன்னும் நல்லா' என்று மனதில் ஓடும்போது, 'இன்னும்' என்பது 'மோர்' ஆகவும், 'நல்லா' என்பது 'பெட்டர்' ஆகவும் மாறி, இரண்டும் கைகோத்து வெளியே வந்துவிடுகின்றன. 'பெட்டர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இன்னும்' இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

'இப்போ ரொம்ப பரவாயில்லை' என்பதை 'வெரி பெட்டர்' என்று சொல்வதும் இப்படித்தான். கம்பாரட்டிவ் சொல்லுக்கு முன்னால் 'வெரி' வராது. 'மச் பெட்டர்', 'மச் சீப்பர்' என்று 'மச்'தான் வர வேண்டும்.

இன்னொரு பக்கம், ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் தமிழ் ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற சொற்களிலேயே யார் மூத்தவர், யார் இளையவர் என்ற ஒப்பீடு அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் 'பிரதர்' என்றால் யாரென்று தெரியாது. 'எல்டர் பிரதர்' என்று அடைமொழி கொடுக்க வேண்டும். இந்த 'எல்டர்' உறவு சொல்லத்தான். 'என்னைவிட மூத்தவர்' என்று வயதை ஒப்பிடும்போது 'எல்டர் தேன் மீ' என்று சொல்லாமல், 'ஓல்டர் தேன் மீ' என்று சொல்ல வேண்டும்.

'எனக்கு சீனியர்' - தமிழே வழிகாட்டும்

'ஹி இஸ் சீனியர் தேன் மீ' என்று அலுவலகங்களில் சர்வசாதாரணமாகக் கேட்கலாம். 'சீனியர் டு மீ' என்பதுதான் சரி. 'சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர்' எல்லாம் லத்தீன் மொழியிலிருந்து வந்த சொற்கள். லத்தீனிலேயே அவை ஒப்பீட்டு வடிவங்கள்தான். 'சீனியர்' என்றாலே 'இன்னும் வயதானவர்' என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அவை 'தேன்' என்ற சொல்லோடு சேராமல் 'டு' என்ற சொல்லோடு சேர்ந்துகொண்டன. 'காபியைவிட டீ பிடிக்கும்' என்பதற்கும் 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'தான்.

இதை மறக்காமலிருக்க நம் பேச்சுத் தமிழே கைகொடுக்கும். 'அவர் என்னைவிட சீனியர்' என்பதைவிட, 'அவர் எனக்கு சீனியர்' என்றுதானே பெரும்பாலும் சொல்கிறோம்? அந்த 'எனக்கு'தான் 'டு மீ'. இங்கே மட்டும் தமிழை அப்படியே ஆங்கிலமாக்கலாம், தப்பே வராது.

'ஹார்ட்லி' என்றால் வேலை போச்சு!

வினையடைகளுக்கும் இதே மூன்று படிகள்தான். 'லி' என்று முடியும் வினையடைகளுக்கு 'மோர்' சேரும். 'மோர் க்விக்லி', 'மோர் கேர்ஃபுல்லி' என்பது போல. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'லேட்', 'ஏர்லி' ஆகியவை பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும். இவற்றுக்கு வால்தான் சேரும். 'இந்த ரயில் வேகமானது' என்றாலும், 'இந்த ரயில் வேகமாக ஓடுகிறது' என்றாலும், ஒப்பிடும்போது 'ஃபாஸ்டர்'தான். 'ஏர்லி' என்ற சொல்லில் 'லி' இருந்தாலும் அது 'ஏர்லியர்' என்றே ஆகும்.

தமிழில் 'வேகம்' என்பதோடு 'ஆக' சேர்த்து 'வேகமாக' என்று சொல்வதுபோல, 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'கடினமாக' என்று வரும் என நினைப்பது இயல்பு. ஆனால், 'ஹார்ட்லி' என்றால் 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை' என்று அர்த்தம். இன்டர்வியூவில் 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று சொன்னால், 'நான் வேலையே செய்ய மாட்டேன்' என்று சொன்னதாகிவிடும். 'ஐ ஒர்க் ஹார்ட்' என்பதே சரி. 'இனி இன்னும் கடினமாக உழைப்பேன்' என்பதற்கு 'ஐ வில் ஒர்க் ஹார்டர்'. அதேபோல 'லேட்லி' என்றால் 'தாமதமாக' இல்லை, 'சமீப காலமாக'.

கிரிக்கெட்டா, மனைவியா?

'ஹி லைக்ஸ் கிரிக்கெட் மோர் தேன் ஹிஸ் வைஃப்.' இந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தங்கள். மனைவிக்கு கிரிக்கெட் பிடிக்கும், அவருக்கு அதைவிட அதிகம் பிடிக்கும் என்பது ஒன்று. மனைவியைவிட கிரிக்கெட்தான் அவருக்குப் பெரிது என்பது இன்னொன்று. முதல் அர்த்தத்தில் வீடு அமைதியாக இருக்கும். இரண்டாவது அர்த்தத்தில் ராத்திரி சாப்பாடு கிடைக்குமா என்பதே சந்தேகம்!

தமிழில் 'மனைவியைவிட' என்பதும், 'மனைவிக்குப் பிடிப்பதைவிட' என்பதும் தனித்தனியாக நிற்பதால் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் கடைசியில் 'டஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, 'தேன் ஹிஸ் வைஃப் டஸ்' என்றால் முதல் அர்த்தம் உறுதியாகிவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழையும் உண்டு. 'மை இங்கிலீஷ் இஸ் பெட்டர் தேன் ஹிம்' என்றால், ஒரு மொழியை ஒரு மனிதரோடு ஒப்பிடுகிறோம். மொழியை மொழியோடுதான் ஒப்பிட வேண்டும். 'தேன் ஹிஸ்' என்றால் சரியாகிவிடும். 'சென்னையின் வெயில் ஊட்டியைவிட அதிகம்' என்று தமிழில் சொன்னாலும் இதே கேள்வி வரும். வெயிலை வெயிலோடுதானே ஒப்பிட வேண்டும்?

'குட்' எப்படி 'பெட்டர்' ஆனது?

'குட், குட்டர், குட்டஸ்ட்' என்று ஏன் வரவில்லை என்று குழந்தைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 'குட்' ஒரு வேரிலிருந்து வந்தது. 'பெட்டர்', 'பெஸ்ட்' இரண்டும் வேறொரு வேரிலிருந்து வந்தவை. பல நூற்றாண்டுகளாக ஒன்றாகவே புழங்கியதில் ஒரே குடும்பமாகிவிட்டன. 'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்' கதையும் இதுதான். எந்த மொழியிலும் அன்றாடம் புழங்கும் சொற்கள்தான் இப்படி விதிக்கு அடங்காமல் திரியும்.

'நியர்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலத்தில் 'பக்கத்தில்' என்பதற்கு 'நை' என்ற சொல்லின் மூதாதைதான் இருந்தது. அதன் கம்பாரட்டிவ்தான் 'நியர்'. சூப்பர்லேட்டிவ்தான் 'நெக்ஸ்ட்'! 'இருப்பதிலேயே பக்கத்தில்' என்பதுதான் 'அடுத்தது' என்றாகியிருக்கிறது. காலப்போக்கில் 'நியர்' சாதாரணச் சொல்லாகிவிட, அதன் மேல் இன்னொரு வால் ஒட்டி 'நியரர்' உருவானது. 'லெஸ்' ஏற்கெனவே கம்பாரட்டிவ். 'லெஸ்ஸர்' என்பதில் அதற்கும் இன்னொரு வால். இன்று இரண்டும் இலக்கணப்படி சரியான சொற்கள்.

'தேன்' என்ற சொல்லும், 'பிறகு' என்ற அர்த்தத்தில் வரும் 'தென்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாகத்தான் இருந்தன. பிறகுதான் எழுத்தில் பிரிந்தன. வாட்ஸ்அப்பில் இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது, இன்று அது பிழைதான்!

அவ்வளவு ஏன், ஷேக்ஸ்பியரே 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'மோஸ்ட்' என்ற சொல்லையும் 'எஸ்ட்' வாலையும் ஒரே சொல்லுக்குச் சேர்த்துப் போட்டிருக்கிறார். அன்றைக்கு அது அழுத்தம் கொடுக்கும் வழக்கம். 18-ம் நூற்றாண்டில் இலக்கண நூல்கள் எழுதியவர்கள்தான் இரட்டை ஒப்பீட்டைப் பிழை என்று ஒதுக்கினார்கள். 1762-ல் வெளிவந்த ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் அவற்றில் புகழ்பெற்றது. எனவே, 'மோர் பெட்டர்' என்று வாய் தவறியவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய அவசியமில்லை. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.

கையெழுத்துப் போடும் முன்...

இலக்கணம் காசாக மாறும் இடங்கள் சில இருக்கின்றன.

மருத்துவக் காப்பீட்டு பாலிசியில், 'அறை வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதம், விச்செவர் இஸ் லோயர்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 லட்சம் ரூபாய் பாலிசி என்றால் 1 சதவிகிதம் 3,000 ரூபாய். இரண்டில் குறைவானது அதுதான். 5,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் மீதி உங்கள் பையிலிருந்து போகும். அதே இடத்தில் 'ஹையர்' என்று இருந்தால் 5,000 ரூபாய் கிடைக்கும்.

'நாட் லெஸ் தேன் 60 பர்சென்ட்' என்று ஒரு அறிவிப்பு கேட்டால், சரியாக 60 எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். 'மோர் தேன் 60 பர்சென்ட்' என்று இருந்தால் 60 எடுத்தவருக்கு வழியில்லை, அதைத் தாண்டியிருக்க வேண்டும். 'நாட் லேட்டர் தேன் 15' என்றால் 15-ம் தேதியும் கணக்கில் உண்டு. 'பிஃபோர் 15' என்றால் 14-ம் தேதியோடு சரி.

மருந்து அட்டையில் 'நாட் மோர் தேன்' என்று ஓர் எண் இருந்தால், அதுதான் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. 'அட் லீஸ்ட்' என்றால் குறைந்தபட்சம், 'அட் மோஸ்ட்' என்றால் அதிகபட்சம். வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ளவே கூடாது. சந்தேகம் வந்தால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிடுங்கள்.

விளம்பரங்களில் வரும் 'பெட்டர்', 'பிரைட்டர்', 'லெஸ் சுகர்' எல்லாமே பாதி வாக்கியங்கள். 'தேன்' எங்கே போனது? எதைவிட வெண்மை, எதைவிடச் சர்க்கரை குறைவு? அந்தக் கேள்விக்கு அட்டையில் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஒரு குட்டித் தேர்வு

இந்த ஐந்தையும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து திருத்திப் பாருங்கள்.

1. திஸ் மேங்கோ இஸ் மோர் ஸ்வீட்டர் தேன் தட்.
2. ஷி இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் சிங்கர்.
3. டுடே ஐ ஃபீல் வெரி பெட்டர்.
4. மை சிஸ்டர் இஸ் எல்டர் தேன் மீ.
5. மை போன்ஸ் கேமரா இஸ் பெட்டர் தேன் யுவர் போன்.

விடைகள்: முதலாவதில் 'மோர்' வேண்டாம், 'ஸ்வீட்டர்' போதும். இரண்டாவதில் 'சிங்கர்ஸ்' என்று பன்மை வர வேண்டும், ஏனென்றால் பலருள் ஒருவர். மூன்றாவதில் 'மச் பெட்டர்'. நான்காவதில் 'ஓல்டர்'. ஐந்தாவதில் 'யுவர் போன்ஸ்', ஏனென்றால் கேமராவை கேமராவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஐந்தும் சரியாக வந்தால் சபாஷ். மூன்று வந்திருந்தாலும் கவலையில்லை, நாளைக்கு நான்கு வரும். அதைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் 'பெட்டர்' என்று ஒரு சொல்லே இருக்கிறது!